நாத்தனார் வீட்டுக் கிடா

"அடுத்த ஈத்தும் போச்சுன்னா கிறிஸ்மஸுக்கு அதப் போட்டுடுவோம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் பன்றிக்குக் கெளாடி என்கிற சேம்பந்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை நிறுத்தவில்லை. எனக்கு யாரிடமும் எதிர்த்துப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தேன், அங்கேயும் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் எழுந்து நிற்க மாட்டேன். அன்றைக்குத் தண்டைத் தேவைக்கு மேலே பொடிப்பொடியாக நறுக்கித் தள்ளினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவில், பாடாங் செராய்க்கும் லூனாஸுக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் மரம் சீவினார். லயத்து வரிசை வீடுகளில் பன்றி வளர்க்க விடமாட்டார்கள். அதனால் வேதக்காரக் குடும்பங்கள் நாங்கள் மூன்று நான்கு வீட்டார் தோட்டம் முடிகிற இடத்தில், கால்வாய் ஓரமாகத் தகரம் போட்டு இருந்தோம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு சீனர் பெரிய பன்றிப் பண்ணை வைத்திருந்தார். எங்களுடையது இரண்டு அறைக் கொட்டாய்தான்.

கறிக்குப் போட்டுவிடலாம் என்று அவர் சொன்ன பன்றியை நான் குட்டியிலிருந்து வளர்த்தேன். பிறந்த அன்றே தாய் மிதித்து அதன் வலது காது கிழிந்துவிட்டது. அடுப்படியில் கோணியில் சுற்றி வைத்து, டின் பாலைச் சுடுதண்ணீரில் கலக்கி, என் சின்ன மகளின் பால் போத்தலில் ஊட்டினேன். வளர்ந்து அந்தக் கொட்டாயே கொள்ளாத உடம்பு வந்த பிறகும், நான் வாளியைத் தட்டாமல் வெறுமனே நடந்து வந்தாலே தெரிந்துகொண்டு எழுந்து நிற்கும். குட்டி போட்ட பன்றியிடம் ஆள் போகப் பயப்படுவார்கள். நான் அதன் வயிற்றின்மேல் கை வைத்து உட்கார்ந்திருப்பேன், ஒன்றும் செய்யாது. அதைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு, நானே மசாலா அரைத்துக் குழம்பு வைக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

சங்கடம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல, கிடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண் பன்றியை எங்கள் பக்கம் கிடா என்போம். எங்கள் ஆட்களில் கிடா வைத்திருந்தது என் நாத்தனார் வீடு ஒன்றுதான். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர் அவர். பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார்கள். யார் வீட்டுப் பன்றியாவது பருவத்துக்கு வந்து கத்தினால், ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலிலேயே அண்ணனிடம், அதாவது நாத்தனார் புருஷனிடம், சொல்லிவிடுவார்கள். அண்ணன் கிடாவின் பின்காலில் கயிறு கட்டி, கையில் ரோத்தான் பிரம்பு வைத்துக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏதோ மாப்பிள்ளை ஊர்வலம் போல நடத்தி வருவார். அதற்குக் கூலி கிடையாது. குட்டிகள் பால் மறந்ததும் கிடாக்காரர் வந்து முதலில் ஒரு குட்டியைத் தேர்ந்து எடுத்துக்கொள்வார். அதுதான் வழக்கம். கிடாக்குட்டி என்று அதற்குப் பெயரே உண்டு.

கிடாக்குட்டி எடுக்க மற்ற வீடுகளுக்கு அண்ணன் போவார். எங்கள் வீட்டுக்கு நாத்தனாரே வருவார். அதை அவர் பிறந்த வீட்டுச் சீராகவே நினைத்திருந்தார். சொல்லப்போனால் அதில் நியாயமும் இருந்தது. இவர்கள் தாய் சின்ன வயதில் இறந்துபோக, நாத்தனார்தான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே புல்வெட்டுக்குப் போய் வளர்த்தவர். அக்கா எது சொன்னாலும் இவருக்கு அதற்கு மறுசொல் இல்லை. இதெல்லாம் எனக்குப் புரிந்ததுதான் என் தொல்லை. புரியாதவளாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

முதல் ஈற்று நன்றாகத்தான் இருந்தது. அத்தனை குட்டியும் தேறியது. நாத்தனார் கொழுத்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்துப் போனார். இரண்டாம் ஈற்றில்தான் ஆரம்பித்தது. பிறக்கும்போது ஒரு குறையும் இல்லை, துள்ளிக்கொண்டு மடிக்குப் போயின. மறுநாள் சோர்ந்தன. அதற்கு அடுத்த நாள் கண்ணின் வெள்ளையும் வயிற்றுத் தோலும் மஞ்சள் பூசியது போல ஆயின. மூத்திரம் பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் போயிற்று. இளைத்து இளைத்து மூச்சு வாங்கிச் செத்தன. பாதிக்கு மேல் போய்விட்டன. மூன்றாம் ஈற்றில் இரண்டே இரண்டுதான் பிழைத்தன. அந்த இரண்டும் யார் தெரியுமா? எல்லாரும் முட்டி மோதிப் பால் குடிக்கும்போது இடம் கிடைக்காமல் ஓரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த நோஞ்சான்கள். நன்றாகக் குடித்த கொழுகொழு குட்டிகள் செத்தன, குடிக்காதவை பிழைத்தன. இது எப்படி என்று எனக்கு மண்டை குடைந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"என்னங்க, நல்லா குடிச்சதுதான் சாவுது. குடிக்காதது நிக்குது."

"சாவுறது எல்லாம் முன்ன குடிச்சதுதான். குடிக்காம பொறந்ததுமா சாவும்? போய் வேலயப் பாரு."

தவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டாய்க்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில், நாலு பேர் கேட்க, நாத்தனார் என்னை நிறுத்தினார்.

"ஏ புள்ள, உண்மையச் சொல்லு. தலைக்குக் குளிக்காத நாள்ல கொட்டாய்க்குள்ள போனியா?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன். பேசாமல் நின்றதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

"அதானே பாத்தேன். கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல."

அண்ணன் நல்ல மனுஷர், பேச்சை மாற்றுவதாக நினைத்து இன்னும் கெடுத்தார். "நம்ம பையன் மேல குத்தம் சொல்ல முடியாதுலா. இந்தக் கோயில்ல பாதிப் பேரு வீட்டுக் குட்டிக்கு அவன்தான் அப்பன். இங்கதான் மாமியார் வீடு சரியில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

செய்யாத வைத்தியம் இல்லை. சாமியாரிடம் தீர்த்தம் வாங்கித் தெளித்தோம். கொட்டாய் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தேன். வேப்பிலையைக் கசக்கித் தண்ணீரில் போட்டேன். தவிட்டை மாற்றிப் பார்த்தோம், புண்ணாக்கை நிறுத்திப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் நான்தான் குனிந்து நிமிர்ந்தேன். எதற்கும் பலன் இல்லை என்றதும், நான் சரியாகச் செய்யவில்லை என்று ஆனது.

கால்வாய்க்கு அப்பால் பண்ணை வைத்திருந்த சீன முதலாளியைத் தவுக்கே என்போம், அவர் மனைவியை நான் நோன்யா என்று கூப்பிடுவேன். அவர் குட்டிகளுக்குச் செம்மண் அள்ளிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். வெளுத்துப்போகும் குட்டிக்கு அதில்தான் இரத்தம் ஊறும் என்பார். நானும் ஒரு வாளி செம்மண் கேட்கப் போனேன். கையில் செத்த குட்டி ஒன்று இருந்தது, புதைக்கக் கொண்டுபோனது. அவர் அதை வாங்கிக் கட்டைவிரலால் அதன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். சந்தையில் பேசுகிற பாசார் மலாய்தான் எங்கள் இருவருக்கும் பொது.

"இது வெளுப்பு இல்லை, மஞ்சள். செம்மண் கேட்காது" என்றார். "அலோர் ஸ்டார் கால்நடை ஆபீஸிலிருந்து ஒருவர் இங்கே ஊசி போட வருவார். அவரிடம் காட்டு."

காட்டு என்று சொல்வது சுலபம். அந்த ஆள் வந்த அன்று காலையிலிருந்து கால்வாய்க்கு இந்தப் பக்கம் வாழை மறைவில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கண்ணாடி போட்ட சீனர், முழங்கால் வரை பூட்ஸ். கூப்பிட வாய் வரவில்லை. எத்தனை முறை பலகைப் பாலத்தில் கால் வைத்துத் திரும்பினேன் என்று எனக்கே வெட்கம். கடைசியில் நோன்யாதான் பார்த்துவிட்டு, "மாரி, மாரி" என்று, மலாயில் வா வா எனக் கையை ஆட்டிக் கூப்பிட்டார். அப்புறம் அந்த ஆபீஸ் ஆளையே இழுத்துக்கொண்டு எங்கள் கொட்டாய்க்கு வந்துவிட்டார்.

அதற்குள் ஒரு காரியம் நடந்துபோயிருந்தது. பிழைத்த இரண்டும் பால் மறந்து மடி வற்றியதும் எங்கள் பன்றி மறுபடி பருவத்துக்கு வந்து கத்தியிருந்தது. எனக்கு முன்பே என் வீட்டுக்காரர் அக்கா வீட்டுக்குச் சொல்லிவிட்டிருந்தார். அன்று விடிந்ததுமே அண்ணன் கிடாவை நடத்தி வந்து, சேர்த்துவிட்டு, வெளியே மரத்தில் கட்டிப்போட்டு, களைப்பாறக் கோப்பிக் கடைக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் மரம் சீவி முடித்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் ஆள் எல்லாவற்றையும் கேட்டார். முதல் ஈற்று எப்படி, இரண்டாவது எப்படி, கிடா ஒன்றேதானா என்று. என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். பிறகு அவர் பன்றியின் காதில் இரத்தம் எடுத்து ஒரு குழாயில் நிழலில் வைத்தார். அது உறைந்து அடியில் இறங்க, மேலே வெளுத்த மஞ்சள் தண்ணீர் தெளிந்து நின்றது. "கிடாவிடமும் ஒரு சொட்டு வேண்டும்" என்றார்.

என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்தார். "கோப்பிக் கடையிலேருந்து மச்சான் வந்துட்டா என்ன பண்றது?" என்று என்னிடம் கேட்டார். அதற்குள் ஆபீஸ் ஆள் கிடாவிடம் போய்விட்டார். கிடாவும் களைத்துப்போய்ப் படுத்திருந்தது. காதில் குத்தியதற்கு ஒரு உறுமல் உறுமிவிட்டுத் தூங்கிவிட்டது.

அவர் ஒரு கண்ணாடித் துண்டில் கிடாவின் இரத்தத்தைக் கொஞ்சம் உப்புத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு வைத்தார். அதன்மேல் எங்கள் பன்றியின் மஞ்சள் தண்ணீரை ஒரு சொட்டு விட்டுக் குச்சியால் கலக்கி மெல்ல ஆட்டினார். பார்த்துக்கொண்டே இருக்க, அந்தச் சிவப்பு பால் திரிவது போலப் பொடிப்பொடியாகத் திரிந்தது. பாலம் தாண்டிப் போய்த் தவுக்கே பண்ணைக் கிடாவிடமும் ஒரு சொட்டு எடுத்து வந்து அப்படியே செய்தார். அது ரோஸ் நிறமாக வழவழவென்று அப்படியே இருந்தது. நான் அத்தனை கிட்டே குனிந்து பார்த்தது அதுதான் முதல் தடவை, ஒரு அந்நிய ஆண் பக்கத்தில் இருக்கிறார் என்ற நினைப்பே இல்லாமல்.

"டாரா தா சாமா" என்றார் அவர். இரத்தம் ஒன்றாக இல்லையாம். மனுஷருக்கு இருப்பது போலப் பன்றி இரத்தத்திலும் பல வகை உண்டாம். குட்டிக்குப் பாதி தகப்பன் வழி, பாதி தாய் வழி வருகிறது. இந்தக் கிடாவின் இரத்தத்தில் இருக்கிற ஏதோ ஒன்று எங்கள் பன்றியிடம் இல்லை. முதல் ஈற்றில் அதன் உடம்பு அந்த அந்நிய இரத்தத்தைக் கண்டுகொண்டது. அடுத்தடுத்த ஈற்றில் அதை எதிர்க்கச் சரக்குச் சேர்த்து வைத்துக்கொண்டது. வயிற்றுக்குள் இருக்கும்வரை குட்டிக்கு ஆபத்து இல்லை. அந்த எதிர்ப்பு சீம்பாலில் இறங்கிவிடுகிறது. குட்டி அதைக் குடிக்கக் குடிக்க, அதன் இரத்தம் அதற்குள்ளேயே உடைகிறது. மஞ்சள் அதனால்தான்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நோஞ்சான்கள் ஏன் பிழைத்தன என்று விளங்கிவிட்டது. சொல்ல வாயைத் திறந்தேன். மலாயில் வார்த்தை கோத்து முடிப்பதற்குள் அவர் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வேலைக்குப் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார். போகும்போது சொன்னது இரண்டே விஷயம். அடுத்த முறை வேறு கிடா போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும். இன்று காலை சேர்த்தது தங்கிவிட்டால், அந்தக் குட்டிகளுக்கு ஒரு பகல் ஒரு இரவு தாய்ப்பால் கொடுக்காதீர்கள். வேறு பன்றியிடம் குடிக்கட்டும். அதற்குமேல் குட்டியின் குடல் அந்த விஷத்தை உள்ளே விடாது. பிறகு தாயிடமே விடலாம்.

எனக்குக் காற்றில் நடப்பது போல இருந்தது. பன்றியிடம் குற்றம் இல்லை. என் கையிலும் இல்லை. அண்ணன் வந்து கிடாவை அவிழ்த்துக்கொண்டு போனதும் என் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அடுத்த தடவ தவுக்கே கிடாவக் கேக்கலாமா?"

"அக்கா மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"அவருதான் சொன்னாருங்களே."

"என்ன சொல்லச் சொல்ற? உன் வீட்டுக் கிடா ரத்தம் கெட்டதுன்னு போய்ச் சொல்லணுமா?"

"கெட்டதுன்னு அவரு சொல்லல. ரெண்டும் ஒத்துப்போவலன்னுதான்..."

"அக்காவுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பொறந்த வீட்டுல என் கிடாவ ஒதுக்கிட்டானுங்கன்னு ஊரெல்லாம் அழும்."

"அப்ப பன்னி?"

"பன்னி பன்னிதான். அக்கா அக்காதான்."

அந்த ஞாயிறே நாத்தனார் கேட்டார், ஆபீஸ்காரன் வந்தானாமே, என்ன சொன்னான் என்று. என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "பன்னிக்கு ரத்தம் பத்தலயாம்க்கா. சத்து மருந்து குடுத்திருக்கு" என்றார். ஒரு மருந்தும் கொடுக்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன்.

"நான் சொன்னேன்ல? பன்னிதான் சொத்தை. என் கிடா போட்ட மொத ஈத்து எப்படி நின்னுச்சு? அப்ப கிடா நல்லாத்தானே இருக்கு? கிறிஸ்மஸுக்குப் போட்டுரு. நெஞ்சுக்கறி எனக்கு."

முதல் ஈற்று நின்றதற்கும் காரணம் இருக்கிறது, அதுதான் வியாதியின் ஆரம்பமே என்று கண்ணாடித் துண்டில் பார்த்தவள் நான் ஒருத்தி நிற்கிறேன். வீடு வரும்வரை மனதுக்குள்ளேயே அத்தனையும் அழகாகப் பேசிக்கொண்டு வந்தேன். அப்படிப் பேசுவதில் எனக்கு இணையே கிடையாது.

சினை தங்கிவிட்டது. நாள் கணக்குப்படி கிறிஸ்மஸுக்கு முந்தைய மாதம் குட்டி போடும். அதனால் தீர்மானம் இன்னும் கெட்டியானது. இந்தக் குட்டிகள் நின்றால் பன்றி இருக்கும், செத்தால் பண்டிகைக் குழம்பு. மடி இறங்க இறங்க எனக்குத் தூக்கம் குறைந்தது. நல்லவேளையாக நோன்யாவின் பண்ணையில் இரண்டு மூன்று பன்றிகள் அதே வாரம் போட இருந்தன. போய்ச் சொன்னபோது அவர் ஏன் எதற்கென்றே கேட்கவில்லை. "கொண்டு வா" என்றார். என் சொந்தத்தில் ஒருவர் அப்படிச் சொன்னதில்லையே என்று அதற்கும் எனக்கு ஆத்திரம் வந்தது.

குட்டி போட்டது ஒரு காலை வேளையில். மகள்கள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அவர் மரம் சீவப் போயிருந்தார். பன்றி தவிட்டைத் தொடாமல் வைக்கோலை வாயால் இழுத்துக் குவித்ததைப் பார்த்ததும் ரோத்தான் கூடையில் கோணியை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாக வெளியே வர வர, மூக்கைத் துடைத்து, மடிப் பக்கம் தலையைத் திருப்பும் முன்னே தூக்கிக் கூடையில் போட்டேன். பச்சைக்குட்டி, பிறந்ததும் அதற்குத் தெரிந்த ஒரே வழி மடிக்குப் போகிற வழி. அதைப் பாதியில் மறித்து எடுப்பது எவ்வளவு பொல்லாத வேலை என்று செய்தால்தான் தெரியும். கத்தல் தகரக் கூரையில் பட்டுக் காதைத் துளைத்தது. தாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. கடிக்கவில்லை. கடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கூடையைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். நோன்யாவின் பன்றி ஒன்று அதே விடியலில் கொஞ்சம் குட்டிதான் போட்டிருந்தது. அவர் தன் குட்டி, என் குட்டி எல்லாவற்றின் மேலும் ஏதோ தைலத்தை வாசனை ஒன்றாகும்படி தடவி மடியில் விட்டார். அந்தப் பன்றி முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. என் குட்டிகள் சப்புகிற சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இங்கே திரும்பி வந்து, மடி கல்லாகாமல் இருக்க எங்கள் பன்றியின் சீம்பாலை விரலால் பீய்ச்சி வாளியில் விட்டுக்கொண்டிருந்தேன். கெட்டியாக, மஞ்சளாக, பார்க்க அவ்வளவு அழகான பால். அதைக் கொண்டுபோய்க் கால்வாயில் ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் நாத்தனார் வந்து நின்றார். பன்றி போட்டுவிட்டது என்று லயத்துப் பெண் யாரோ சொல்லியிருக்கிறாள்.

"குட்டி எங்க?"

நான் கையைக் காட்டினேன், அந்தப் பக்கம் என்று.

"சீனன் வீட்டுலயா? வித்துட்டியா?"

"இல்ல அண்ணி. நாளைக்கு வந்துரும்."

"இது என்ன ஊத்துற?" வாளியை எட்டிப் பார்த்தார். "அடிப்பாவி! சீம்பால கால்வாயில ஊத்துறியா? பெத்தவ மடி நெறைய வச்சிருக்கா, குட்டிய அடுத்தவ மடிக்குத் தூக்கிட்டுப் போயிருக்க? எவளாச்சும் செய்வாளாடி இத? நீயும் ரெண்டு பெத்தவதானே?"

"ஆபீஸ்காரரு சொன்னாரு..."

"அவன் குட்டி போட்டானா, நீ போட்டியா? போ, போய்த் தூக்கிட்டு வா. நான் பாலுக்கு விடுறேன். என் கிடா குட்டி பட்டினி கெடக்கக் கூடாது."

நான் போகவில்லை. பலகைப் பாலத்தின் இந்த முனையில் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். பாலம் ஒரு ஆள் அகலம்தான். அவர் தாண்ட வேண்டுமானால் என்னைத் தள்ளித்தான் போக வேண்டும். அவர் திட்டினார். என் தாய் வீட்டை இழுத்தார். என் வளர்ப்பை இழுத்தார். நான் கால்வாயில் மெதுவாகப் பிரிந்து போகும் அந்த மஞ்சள் பாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தபோது இருவரும் அப்படியே இருந்தோம்.

"பாருடா உன் பொண்டாட்டிய!" என்றார் நாத்தனார். "ஊமை மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலை பண்ணியிருக்கா பாரு!"

இப்போதாவது சொல்லுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரியும். கண்ணாடித் துண்டில் என்னோடு சேர்ந்து பார்த்தவர்தானே. அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சட்டையில் உறைந்திருந்த ரப்பர் பாலைக் கிள்ளி எடுத்தார்.

"விடுக்கா. அவ இஷ்டம். செத்தா அவதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் பொழுது சாயும்வரை பொறுத்திருந்து குட்டிகளைக் கொண்டுவந்து தாயிடம் விட்டேன். அது முகர்ந்தது. நோன்யாவின் தைல வாசனைக்குத் தும்மியது. பிறகு சாய்ந்து படுத்துக் கொடுத்தது. அதன்பின் தினமும் இமையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ரோஸ் நிறம். வயிறு ரோஸ் நிறம். ஒன்றுகூடச் சோரவில்லை. நசுங்கிச் செத்தது ஒன்றே ஒன்று, அது எல்லா ஈற்றிலும் நடப்பதுதான்.

கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் கோழிதான். நாத்தனார் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். சாப்பிட்ட கையோடு கொட்டாய்க்குப் போய், தடுப்பின்மேல் சாய்ந்து, குட்டிகளை நெடுநேரம் பார்த்தார்.

"பாத்தியா? என்ன அழகு! எல்லாம் அப்பன் சாடை. சாமியாரு தீர்த்தம் இப்பதான் வேலை செஞ்சிருக்கு."

"ஆமாக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"நல்லவேளை, அன்னிக்கு இவ பண்ணுன கூத்துக்கு ஒண்ணும் ஆகல."

"ஆமாக்கா."

அண்ணன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, "நம்ம பையன் மாமியார் வீட்டுப் பேரக் காப்பாத்திட்டான்லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பன்றி உயிரோடு இருக்கிறது, அது போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதவில்லை. சட்டியை வைத்த வைப்பில் மூடி உருண்டு வாசல்வரை போனது.

பால் மறந்ததும் நாத்தனார் வந்து இருப்பதிலேயே நல்லதை எடுத்துப் போனார். அது ஆண் குட்டி. கறிக்கு விடாமல் கிடாவாகவே வளர்க்கப்போவதாகச் சொன்னார். பழையதற்கு வயதாகிறதாம். தகப்பன் இரத்தம் அதற்குள்ளும் பாதி இருக்குமே, இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பன்றிக்கு ஒத்துப்போகாமல் நிற்குமோ என்று நினைத்தேன். கேட்டால் என்னைத்தான் கைராசி இல்லாதவள் என்பார்கள்.

அடுத்த பருவத்துக்கும் பழைய கிடாதான் வந்தது. தவுக்கே கிடாவைப் பற்றி வீட்டுக்காரரிடம் நான் மறுபடி பேச்செடுத்தேன். "போன தடவதான் நல்லா நின்னுச்சே, இப்ப எதுக்கு அக்காவப் பகைச்சுக்கணும்?" என்றார். நான் செய்த வேலையே எனக்கு எதிராக நின்றது. குட்டி செத்தாலும் கிடாவை மாற்ற முடியாது, பிழைத்தாலும் மாற்ற முடியாது. ஒரு நாள் அந்த வழியாகக் கிடாவை நடத்திவராமல் இருந்தால் முடிகிற காரியத்துக்கு, ஒவ்வொரு ஈற்றிலும் நான் பச்சைக்குட்டியை மடியிலிருந்து பறிக்க வேண்டும், பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டும், அடுத்தவர் வீட்டு வாசலில் கூடையோடு நிற்க வேண்டும்.

அந்த ஈற்று பிறந்தது ஞாயிறன்று, எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம். பூசை முடிந்து லயத்தில் சனம் நிறைந்து கிடந்தது. நான் குட்டிகளைப் பிடித்துக் கூடையில் போட்டு முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, என் வீட்டுக்காரர் வந்து கூடையின் மறு கைப்பிடியைத் தூக்கினார். இந்த மனுஷருக்கும் மனதில் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகவே இருந்தது.

பலகைப் பாலம் வாசலுக்கு நேரே இருந்தது. அவர் அதற்குத் திரும்பவில்லை. கொட்டாய்க்குப் பின்னால், லாலான் புல்லுக்குள் இறங்கி, ரப்பர் மரங்களைச் சுற்றி, மேல் மதகு வழியாகப் போகிற நீள வழியில் இழுத்தார்.

"ஏன் இப்படி?"

"அக்கா லயத்துக்கு வந்திருக்கு. பாத்தா வம்பு."

கூடைக்குள் அத்தனை குட்டியும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் லயம் முழுக்க, அங்கிருந்து கோயில்வரைக்கும் கேட்டிருக்கும். அவர் குனிந்து, மரத்துக்கு மரம் மறைந்து நடந்தார். முள் என் கெண்டைக்காலைக் கிழித்தது. கூடையை விடாமல் நானும் பின்னாலேயே நடந்தேன்.